திரண்டால் ஒளிரும் மூலக்கூறுகள்

ஒரு பொருள் ஒளியை உமிழ வேண்டுமாயின், அதற்கென ஓர் அமைப்பு அதன் மூலக்கூற்றினுள் இருத்தல் வேண்டும் என்பது இரசாயன நூலார் நெடுங்காலமாகக் கொண்ட கொள்கை. காபன் அணுக்களிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருமிடத்து, இலத்திரன்கள் ஓரணுவுக்கே உரியனவாய் நில்லாது சங்கிலி நெடுகப் பரந்து உலவும். இவ்வாறு பரந்தவை சிறிதளவு சத்தி பெற்ற மாத்திரத்தே மேலெழுந்து, மீளுங்கால் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைச் சொரியும். இத்தகைய இணைந்த பிணைப்புடைய பல்பகுதியம் ஒன்று மின்னோட்டத்தால் ஒளிர்வதைக் கேம்பிரிட்சு அறிஞர் 1990-இல் காட்டினர்.

மாப்பொருளிலோ செலுலோசிலோ இவ்வமைப்பு இல்லை. ஆகவே நாரந்தனையில் கூழுக்கும் பிட்டுக்கும் இடித்தெடுக்கும் ஒடியல் மாவில் உள்ள மாப்பொருள் ஒளிரும் என்று எவரேனும் கூறியிருப்பின், முன்னாளில் அது நகைப்புக்கே இடமாகியிருக்கும். ஆயினும் 2013-இல் சீன ஆய்வாளர் மாப்பொருள், செலுலோசு, மாட்டுக் குருதிப் புரதமாகிய அல்புமின் ஆகியவற்றை ஆராய்ந்து, இவை கரைசலில் ஒளி காட்டாதிருந்தும் திண்ம நிலையில் ஊதாக்கடந்த கதிர் பட ஒளிர்வதை அறிவித்தனர்.

இது விளைவது எங்ஙனம்? ஒட்சிசன், நைதரசன் அணுக்களிடத்தே பிணைப்பிற் சேராத தனிச்சோடி இலத்திரன்கள் உள. அணுக்கள் ஒன்றற்கொன்று தொலைவில் நிற்கையில் அவற்றைக் கிளர்த்தப் பெருஞ்சத்தி வேண்டும். சங்கிலிகள் மடங்கியும் நெருங்கியும் திரளும்போது, இலத்திரன் முகில்கள் ஒன்றன்மேலொன்று மேவுகின்றன. சத்தி மட்டங்களின் இடைவெளி குறுகுகின்றது. நம் தீவுகளிலேயே இதற்கு உவமை உண்டு. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குத் தாம்போதி வழியே செல்கிறோம். நயினாதீவுக்குத் தாம்போதி இல்லை, எனினும் குறிகட்டுவானில் வள்ளமேறிச் சென்று மீள்கிறோம். இணைந்த பிணைப்பு தாம்போதியை ஒக்கும். திரளினுள் நிகழ்வதோ பிணைப்பின் வழியாகவன்றி இடைவெளியைக் கடந்து நிகழும் போக்குவரவு. கரைகள் அணித்தாக இருந்தாலே அது கைகூடும்.

மற்றொரு காரணமும் உண்டு. தனித்து நிற்கும் சங்கிலி ஓயாது அசைந்து, பெற்ற சத்தியை வெப்பமாக இழந்துவிடும். திரளிலோ ஐதரசன் பிணைப்புகள் அதனை இறுகக் கட்டுகின்றன. அசைய இடமின்மையால் சத்தி ஒளியாகவே வெளிப்படுகின்றது. நெருக்கம் ஒளியைக் கெடுக்கும் என்பதே முன்னைய அனுபவம். 1954-இல் ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் பைரீன் என்னும் பொருளின் செறிவு கூடுந்தோறும் அதன் ஒளிர்வு குன்றுவதைக் கண்டனர். 2001-இல் ஹொங்கொங்கில் பென் சொங் டாங் குழுவினர் இதற்கு நேர்மாறாக, திரண்டபோது ஒளி மிகும் பொருள்களைக் கண்டறிந்தனர். அவை இணைந்த பிணைப்புடையவை. அப்பிணைப்பு அறவே இல்லாத பொருள்களும் திரண்டு ஒளிர்கின்றன என்பதே புதுமை.

அவ்வொளி பொருளுக்கே உரியதா, அதிற் கலந்த மாசுக்கு உரியதா என்னும் ஐயம் உடனெழும். இவ்வையம் நியாயமானதே. மரங்கிளைத்தாற் போன்ற அமைப்புடைய ஒருவகைப் பல்பகுதியத்தில், தங்கத்தின் நுண்துகள் கலந்திருக்கக் கண்ட நீலவொளியைத் தங்கத்தினதென்றே கொண்டிருந்தனர். 2004-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆலன் பார்டும் உடனாய்வாளரும் தங்கமே சேராத அதே பொருளில் அவ்வொளியைக் காட்டினர்.

மங்கலான ஒளியை மாசின்மேல் ஏற்றியது நம்மவர் வரலாற்றிலும் நிகழ்ந்தது. 1923-இல் கல்கத்தாவில் இராமனிடம் ஆராய்ந்த கே. ஆர். இராமநாதன், திரவங்கள் சிதறிய ஒளியில் நலிந்த வேற்றொளியொன்று விரவியிருக்கக் கண்டார். மாசினால் விளைந்த புளோரொளிர்வு எனக் கருதித் திரவத்தைப் பன்முறை தூய்மை செய்தும் அது அகலவில்லை. அதுவே 1928-இல் இராமனும், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் நிலைநாட்டிய இராமன் விளைவு. அது சிதறலொளி, இங்குக் கூறும் திரளொளிர்வு வேறு. உறவு முறையில் அல்ல, வழக்கில்தான் ஒற்றுமை.

மாசையும் திரளையும் வேறு பிரித்தறிய எளிய வழியொன்று செறிவை மாற்றிப் பார்த்தல். ஐதான கரைசலில் மாசின் ஒளி செறிவுக்கு ஏற்பச் சீராகக் குறையும். திரளின் ஒளியோ, திரள் கலைந்தவுடன், அதனினும் விரைந்து மறையும். மற்றொன்று, பாய்ச்சும் கதிரின் அலைநீளத்தை மாற்ற உமிழும் ஒளியின் நிறமும் பெரும்பாலும் மாறும். சிறிதும் பெரிதுமாகிய பல திரள்கள் ஒருங்கே இருத்தலும், ஒவ்வொன்றும் தனக்கேற்ற கதிரையே கவர்தலும் இதற்குக் காரணம். இவ்விரு சோதனைகளும் பயனுடையன. ஆயினும் இவை மட்டுமே போதா. காற்றில் நெடுநாள் கிடந்து ஒட்சியேறிய சில பல்பகுதியங்களும் ஒளிர்தலால், அறிஞரிடையே வழக்கு இன்னும் முற்றாக ஓயவில்லை.

எனவே ஊதாக்கடந்த கதிர் விளக்கைக் கையிலெடுக்கும் மாணவர் கண்டதெல்லாம் திரளொளி என மயங்கலாகாது. வெளுத்த வேட்டியின் நீலவொளி சவர்க்காரத் தூளிற் சேர்க்கும் ஒளிரூட்டியால் வருவது. வெண்காகிதமும் அவ்வாறே. ஒடியல் மாவில் நாரும் கலந்திருக்கும். தாவர நாரில் உள்ள இலிக்னின் தானாகவே ஒளிரும். அதனால் மாவை நீரிற் கரைத்து, துணியில் வடித்து, அடியிற் படியும் மாப்பொருளைப் பன்முறை கழுவி உலர்த்திய பின்னரே சோதித்தல் வேண்டும்.

கல்லூரி ஆய்வுகூடத்துக்கு மாப்பொருளினும் ஏற்றது அல்சினேற்று. நம் கடல்களில் விளையும் சர்காசம் முதலிய கபிலநிறக் கடற்பாசிகளிலிருந்து பெறப்படும் இச்சர்க்கரைப் பல்பகுதியம், மாப்பொருளைப் போலன்றிக் குளிர்ந்த நீரிலும் கரையும். சோடியம் அல்சினேற்றின் ஐதான கரைசல் ஒளிராமையும், செறிந்த கரைசல் ஒளிர்தலும், திண்மமாயின் கதிரை நிறுத்திய பின்னும் சிறிது பொழுது ஒளி நிற்றலும் 2018-இல் வெளியான சீன ஆய்வொன்றில் கூறப்பட்டுள. கரைசலைப் படிப்படியாகச் செறிவேற்றி வரிசையாக நிறுத்தி, இருட்டறையில் கதிரைப் பாய்ச்சி, கண்ணுக்குக் காப்பணிந்து நோக்குக. அருகே தூய நீர்க் குழாயொன்றையும் வைத்துக்கொள்க, கண்ணாடியே ஒளிர்தலும் உண்டாதலின்.