நாவலைக்குப் போக எந்த உடுப்பு?

நாற்பது தாண்டிய பெண் ஒருவர் மீண்டும் படிப்பது என்று முடிவெடுத்து, விண்ணப்பம் போட்டு, கட்டணத்தையும் கட்டிவிட்டார் என்று வையுங்கள். அடுத்து அவர் கேட்கிற கேள்வி பாடத்தைப் பற்றியதாக இருப்பது அபூர்வம். "அங்க என்னத்தை உடுத்திக்கொண்டு போறது?" என்றுதான் கேட்பார். வெள்ளவத்தையிலும் சரி, கொட்டாஞ்சேனையிலும் சரி, இதைக் கேட்கும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு நடுவில் இது அற்பமான கேள்வி என்ற கூச்சம். அது அற்பமே அல்ல. முதல் இரண்டு கிழமையில் உடம்பும் மனமும் கூசிப்போனால், பாடம் விளங்குவதற்கு முன்பே கால் பின்வாங்கிவிடும். ஆகவே ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில், போகிற இடம் எது? நம் நாட்டில் அரச பல்கலைக்கழகங்களின் முழுநேர வகுப்புக்குள் உயர்தரப் பெறுபேற்றையும் இசட் புள்ளியையும் கொண்டுதான் நுழையலாம். இருபது வயதை ஒட்டி அந்த வாசல் பெரும்பாலானோருக்கு மூடிவிடுகிறது. அதற்குப் பிறகும் படிக்க விரும்புகிறவர்களுக்குத் திறந்திருக்கிற பெரிய வாசல், நாவலையில் இருக்கிற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980-ல் தொடங்கியது. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைப் பாடநெறி ஊடாக உள்ளே வரலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களும், ஆசிரியர்கள் செய்கிற பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் வேறு வழிகள். இங்கெல்லாம் வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான். உங்கள் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆசிரியை இருப்பார், தாதி இருப்பார், பிள்ளையை ரியூசனில் விட்டுவிட்டு ஓடிவந்த தாய் இருப்பார். இருபது வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆனால் அந்த இடம் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. "எல்லாரும் என்னையே பார்ப்பினமோ" என்ற எண்ணத்தை வாசலிலேயே இறக்கிவைக்கலாம்.

இனி உடுப்புக்கு வருவோம். விதி, வழக்கம், பயம் மூன்றும் நம் தலைக்குள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பிரித்தெடுத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விதி மிகக் கொஞ்சம். சாதாரண விரிவுரைக்குச் சீருடை கிடையாது. ஆய்வுகூடம் உள்ள பாடம் என்றால் கதை வேறு: மூடிய சப்பாத்து வேண்டும், கூந்தலை முடிந்திருக்க வேண்டும், மேலே பருத்தி ஆய்வுகூடக் கோட் போடவேண்டும். நைலோன் சோல் தீச்சுவாலைக்குக் கிட்டப் போனால் உருகித் தோலில் ஒட்டிவிடும்; கண்டிப்புக்குக் காரணம் அதுதான். கல்வி டிப்ளோமா செய்கிறவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் பாடசாலைக்குள் போகும் நாட்களில் சேலை எதிர்பார்க்கப்படும். பரீட்சை மண்டபத்தில் அடையாள அட்டையிலுள்ள படத்தோடு முகத்தை ஒப்பிடுவார்கள்; ஆகவே முகம் தெரியவேண்டும். பட்டமளிப்புக்கு என்ன உடுப்பு என்று தனியாக அறிவிப்பார்கள். சட்டம் படித்து முடித்து, ஒருநாள் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணியாகக் கால்வைத்தால் அங்கே நிறம் முதற்கொண்டு எழுதிவைத்த விதி உண்டு. அந்தந்த நாள் வரும்போது அந்தந்த விதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கம் வேறு. படிப்பிக்கிற இடம் என்றால் சேலை என்பது இங்கே ஊறிப்போன வழக்கம். அது எவ்வளவு தூரம் மாறக்கூடியது என்பதை அண்மைக்காலம் காட்டியிருக்கிறது. 2019-ல், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னர், அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் அணியவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அபாயா அணிந்து வேலைக்குப் போன முஸ்லிம் பெண்களை அது நேரடியாகத் தாக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் திருத்தினார்கள். மூன்று வருடம் கழிந்து, 2022 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடி முற்றியிருந்த வேளையில், அரச ஊழியர்கள் கண்ணியமான சாதாரண உடையில் வரலாம் என்று இன்னொரு சுற்றறிக்கை. அதே ஆண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் பாடசாலைக்குப் போக, பெரிய விவாதமே நடந்தது. ஆசிரியைகளுக்குச் சேலைதான் என்று கல்வி அமைச்சு சொல்லிவிட்டது. 2016-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் மாணவிகள் வெள்ளிக்கிழமைகளில் சேலை அணியவேண்டும், டெனிமும் டீசேர்ட்டும் கூடாது, ஆண்களுக்குத் தாடி கூடாது என்று அறிவித்தபோதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. முழுநேரப் பல்கலைக்கழகங்களில் புதுமுக மாணவிகளுக்கு இன்ன பாவாடை, இன்ன பின்னல், இன்ன செருப்பு என்று மூத்த மாணவர்கள் போடுகிற கட்டளையும் உண்டு. அது பகிடிவதை; 1998-ம் ஆண்டின் 20-ம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியிருக்கிறது.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்வி நிறுவனத்துக்குள் பெண் என்ன உடுத்தவேண்டும் என்பதை எப்போதும் வேறு யாரோதான் தீர்மானித்திருக்கிறார்கள். அதிபர், அமைச்சு, பீடம், சீனியர். வயது வந்த பிறகு, தன் காசில், தன் விருப்பத்தில் படிக்கப் போகிற ஒருவருக்கு அந்தத் தீர்மானம் அநேகமாக முதன்முறையாகத் தன் கைக்கு வருகிறது. அதைத் திரும்ப யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

பயம் கடைசி. அதை மெதுவாகத்தான் தொடவேண்டும். இன்று ஐம்பதை நெருங்கும் தமிழ்ப் பெண்களில் பலருடைய படிப்பு போரால் முறிந்தது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் புத்தகத்தை விட்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்புக்கு வந்து லொட்ஜ்களில் தங்கி, சோதனைச் சாவடிக்கு முன்னால் பொட்டை அழித்துக்கொண்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். 2007 ஜூன் 7-ம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பின் லொட்ஜ்களிலிருந்து தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்தக் காலத்தில் இளம்பெண்ணாக இருந்தவருக்கு, கண்ணில் படாமல் உடுத்துவது என்பது பாதுகாப்புக்காகப் பழகிய பழக்கம். மங்கல் நிறம், வெறும் நெற்றி, யார் என்று சொல்லாத உடுப்பு. அந்தப் பழக்கம் இன்றும் அலுமாரிக்கு முன்னால் நம் கையைப் பிடிக்கிறது. கணவரை இழந்தவர்களுக்கு இது இரட்டிப்பு: நிறத்துக்கும் பொட்டுக்கும் ஊர் சொல்கிற தடை வேறு. மஞ்சள் பிடிக்குமென்றால் மஞ்சளே உடுத்துங்கள், அக்கா. பொட்டு வைக்க விருப்பமென்றால் வையுங்கள். வகுப்பில் உங்களுக்கு இருக்கிற ஒரே அடையாளம் பதிவிலக்கம்தான்.

மூன்றையும் பிரித்துவிட்டோம். மிச்சம் இருப்பது பஸ், வெயில், மழை, நாற்காலி. இவைதான் உண்மையாகவே உடுப்பைத் தீர்மானிக்க வேண்டியவை.

கொட்டாஞ்சேனையிலிருந்து நாவலைக்கு 176 பஸ். வெள்ளவத்தைக்காரர் இடையில் மாறவேண்டியிருக்கும். கொழும்புப் பல்கலைக்கழகம் என்றால் இரண்டு இடத்தாருக்கும் 155 தான். மிதிபலகை உயரம். ஒரு கையால் கம்பியைப் பிடிக்கவேண்டும், மறு கையில் பையும் குடையும். சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? சேலையில்தான் தெம்பு வரும் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். பருத்தி அல்லது கைத்தறி, கணுக்காலுக்குச் சற்று மேலே, முந்தானையைத் தோளில் மடித்துப் பின் குத்தி. நாள் முழுவதும் நடக்கிற வகுப்புக்குப் பஞ்சாபியோ, நீளக் குர்த்தியும் தளர்ந்த லோங்ஸுமோதான் வசதி. லெக்கின்ஸ் இந்த வியர்வைக்கு ஒட்டிக்கொள்ளும்.

பஞ்சாபியில் கவனிக்கவேண்டியது சோல். விரிவுரை மண்டபத்து நாற்காலிகள் பலவற்றுக்கு வலது பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு பலகைக் கை இருக்கும். உட்காரும்போது சோலின் நுனி அதன் கீழ் போய்விடும். எழும்பும்போது கழுத்தை இழுக்கும். ஒரு பக்கமாக மடித்துப் பின் குத்துங்கள், அல்லது வகுப்புக்குள் கழற்றிப் பையில் வையுங்கள். குளிரூட்டி போட்ட மண்டபம் என்றால் அதே சோல் தோளுக்கு உதவும். மெல்லிய சுவெட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வெளியே வியர்த்து வந்து உள்ளே மூன்று மணித்தியாலம் குளிரில் இருந்தால் தலையிடி நிச்சயம்.

கடையில் வாங்கும்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று மட்டும் பார்க்காதீர்கள். மூன்று காரியம் செய்து பாருங்கள். பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல வலது கையை உயர்த்துங்கள், அக்குளில் இழுக்கிறதா? கதிரையில் இருந்து பாருங்கள். பக்கத்து வெட்டு எங்கே நிற்கிறது? குனிந்து கீழேயிருக்கிற பையை எடுங்கள், கழுத்து தொங்குகிறதா? மூன்றிலும் தேறினால் வாங்கலாம். பிறகு தைக்கிறவரிடம் கொடுத்து வலது பக்கத் தையலில் ஒரு பை வைக்கச் சொல்லுங்கள். பஸ் காசு, கைபேசி, மாணவர் அட்டை மூன்றும் அதற்குள் இருந்தால் நெரிசலில் கைப்பையைத் துழாவத் தேவையில்லை.

எத்தனை வேண்டும்? கிழமையில் இரண்டு நாள் வகுப்புக்கு மேலுக்கு மூன்று, கீழுக்கு இரண்டு போதும். துணியைத் தெரிவுசெய்யும்போது காயவைப்பதையும் யோசியுங்கள். வெள்ளவத்தை அடுக்குமாடிப் பல்கனியில் கடற்காற்று அடித்தாலும், மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையில் தடித்த பருத்தி ஒரு இரவில் காயாது. தனிப் பொலியெஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் மத்தியானத்துக்குள் மணக்கத் தொடங்கிவிடும். மெல்லிய பருத்தியோ பருத்திக் கலப்போ நடுவழி. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வகுப்பு முடிகிற நேரத்துக்குத்தான் பிடிக்கும். பட்டி வைத்த, இறப்பர் அடியுள்ள தட்டைச் செருப்பு போடுங்கள். தோல் செருப்பு நனைந்தால் அடுத்த கிழமைக்கு உதவாது.

ஆண்களுக்கு இவ்வளவு பேச்சே இல்லை. தோய்த்து மினுக்கிய ஒரு சேர்ட், ஒரு லோங்ஸ். அலுவலகத்துக்கும் அது, வகுப்புக்கும் அது. யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த நிம்மதி பெண்களுக்கும் கிடைக்கவேண்டும். அபாயா அணிந்து வருகிற சகோதரிக்கும், டெனிம் போட்டு வருகிற நாற்பத்தைந்து வயதுக்காரிக்கும் அதே நிம்மதி வேண்டும். மற்றவரின் உடுப்பைப் பற்றிக் கதைக்காமல் இருப்பது வகுப்பில் மூத்தவர்களாக இருக்கிற நாம் செய்யக்கூடிய உதவி. அந்தப் பேச்சு எவ்வளவு பேரை வீட்டோடு நிறுத்தியது என்று நமக்குத் தெரியும்.

முதல் நாளுக்கென்று புதுச்சேலை வாங்கக் கடன்படவேண்டாம். பட்டமளிப்பு நாளில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்துக்கு நல்லதாக ஒன்று கட்டிக்கொண்டு போகலாம். அதைத் தெரிவுசெய்யச் சில வருடங்கள் கையில் இருக்கின்றன. இந்தச் சனிக்கிழமைக்குக் காய்ந்த, கையை உயர்த்தினால் இழுக்காத, பை வைத்த ஒரு சட்டை போதும். மிச்சக் காசைப் பாடக் குறிப்புகளைப் பிரதியெடுக்கவும், பசிக்கிற நேரம் சாப்பிடவும் வைத்திருங்கள். நீங்கள் அங்கே போவது அதற்காகத்தான்.