பிரித்து ஏற்றிப் பூட்டி நிறுத்தும் தோட்ட வேலி

நமது அங்கத்தினர்களில் தோட்டம் வைத்திருப்போர் எவரிடமேனும் சென்று, பயிருக்கு முதற்பகை யாது என்று வினவினால், புழுவையும் பூச்சியையும் கூறுவதற்கு முன்னரே வெள்ளாட்டைக் கூறிவிடுவார். தறிக்காரர் வீட்டுக் கொல்லையிலும் இதே கதைதான். சாயமேற்றி உலர்த்திய நூற்கழியை ஆடு இழுத்துக் கொண்டு போனதால் உறவு முறிந்த வீடுகளை நாம் அறிவோம்.

கொங்கு நாட்டின் கிளுவை வேலிக்கு ஈடான வேலி வேறில்லை என்பதே எனது அபிப்பிராயம். ஆனால் கிளுவைப் போத்து நட்டு, அது தழைத்து நெருங்கி ஆட்டை மறிக்குமளவு வளர ஆண்டுகள் சில ஆகும். குத்தகை நிலத்தில் பயிரிடுவோருக்கும், வீட்டை ஒட்டிப் பத்துச் சென்ட் காய்கறி போடுவோருக்கும் அத்தனை காலம் பொறுக்க இயலாது. அவர்கள் நாடுவது மரவேலியைத்தான். மரவேலி செய்வது கடினமன்று; அதனைத் தச்சுப் பட்டறையிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டு சேர்ப்பதும், சேர்த்த பின் நிறுத்துவதுமே கடினம். இதனை நான் கைப்பொருள் செலவிட்டு அறிந்தவன்.

எனது கத்திரித் தோட்டத்துக்காக, எட்டடி நீளமும் ஆறடி உயரமுமாகப் பத்துப் படல்கள் செய்யச் சொன்னேன். பெரிதாக இருந்தால் வேலை குறையும் என்பது என் எண்ணம். தச்சர் நான் சொன்னபடியே நன்றாகச் செய்து கொடுத்தார், அவர்மீது குற்றமில்லை. படல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிலோ இருந்தது. நம் ஊர்களில் குட்டியானை என்று அழைக்கப்படும் சிறு சுமைவண்டியின் தட்டு ஏழடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. அதில் ஆறடி உயரப் படலைப் படுக்க வைக்க முடியவில்லை. சாய்த்து வைத்துக் கட்டியதில், மேட்டுப் பள்ளத்தில் குலுங்கி, இரண்டு படல்களின் சட்டங்கள் மூட்டுவாயில் பிளந்துவிட்டன. வண்டித் தடம் முடிந்த இடத்திலிருந்து படலுக்கு இரண்டு ஆளாகச் சுமந்தோம். வரப்பில் இருவர் பக்கவாட்டில் நடக்க இயலாதென்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

அதோடு முடிந்ததா? கால்களை முன்னதாகவே கயிறு பிடித்து நட்டு வைத்திருந்தேன். கயிறோ இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டிருக்கிறது. ஓரிடத்தில் இடைவெளி இரண்டு அங்குலம் குறைவு. மற்றோரிடத்தில் மூன்று அங்குலம் மிகுதி. நான்கு படல்களை நிறுத்துவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் வந்து பார்க்கையில், நட்டுப் பதினெட்டு நாளான கத்திரி நாற்றில் பாதிக்கு மேல் குச்சியாக நின்றது.

அன்று வேடிக்கை பார்த்து நின்ற முதிய நெசவாளர் ஒருவர் சொன்னார்: “ஏனுங்க தம்பி, தறியை வாசல்படி வழியா முழுசாவா வீட்டுக்குள்ள கொண்டு போறோம்? தூண் தனியா, படமரம் தனியா, பலகை தனியா எடுத்துப்போய் உள்ளே வெச்சுத்தானே பூட்டறோம். வேலியும் அப்படித்தானே இருக்கோணும்?”

அவர் கேட்டதற்கு விடையாகத்தான் அடுத்த வேலியைத் திட்டமிட்டேன். அதற்கு முன்பாக, இவ்விஷயத்தில் நமக்கு முன்னோடிகளாக இருந்தவர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

அறுவடையான வயலில் ஆட்டுமந்தையை இரவில் அடைத்து, அதன் எருவால் நிலத்தை வளமாக்கும் கிடை மறிப்பு நமக்குப் பழக்கமானது. இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர், வில்ட்ஷயர், டார்செட் முதலிய மாவட்டங்களின் சுண்ணாம்பு மேடுகளிலும் இவ்வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அங்கே ஹேசல் என்னும் புதர்மரத்தை அடியோடு வெட்டி, ஏழெட்டு ஆண்டுகள் தழைக்கவிட்டு, அந்த விளாறுகளைக் கொண்டு ஆறடி நீளத்தில் படல் பின்னினார்கள். பத்துக் குச்சிகள் நெடுக்காக நிற்கும், அவை பாவு. பிளந்த விளாறுகள் குறுக்காக ஓடும், அவை ஊடை. ஓரக் குச்சியில் திரும்புகிற இடத்தில் விளாற்றை முறுக்கி மடக்குவார்கள். முறுக்காமல் மடக்கினால் நார் ஒடிந்துவிடும். ஊடையை ஓரத்தில் திருப்பிக் கரை அமைக்கும் நம் கைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கவனிக்கத் தக்கவை வேறு இரண்டு. அப்படலைப் பின்னுவதற்கான அடிக்கட்டையில் துளைகள் நேர்க்கோட்டில் இராமல் சிறிது வளைந்த கோட்டில் இருக்கும். ஆகவே படலும் வளைந்தே பிறக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கும்போது பளுவினால் அது தட்டையாகும். தட்டையாகும்போது பின்னல் இறுகும். அடுக்கி வைப்பதையே வேலையின் ஒரு பகுதியாக்கிவிட்டார்கள்! மற்றொன்று, படலின் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டுப் பின்னுவார்கள். மேய்ப்பன் பல படல்களைச் சேர்த்து, அவ்விடைவெளியில் ஒரு கம்பை நுழைத்து, முதுகில் சுமந்து அடுத்த வயலுக்குப் போவான். வேலியின் உருவத்திலேயே அதைச் சுமப்பவனுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இனி நமது படலுக்கு வருவோம். வண்டித் தட்டில் படுக்க வேண்டும், ஓராள் தூக்க வேண்டும் என்ற இரண்டையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகுதான் அளவு குறித்தேன். நீளம் ஆறடி, உயரம் நாலடி. செம்மறிக்கு மூன்றடி போதும்; வெள்ளாடு தாவும் பிராணி, ஆகையால் நாலடிக்குக் குறைக்கலாகாது. கிடைச்சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். குத்துப்பலகை பன்னிரண்டு; 3 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். பலகைக்குப் பலகை 3 அங்குல இடைவெளி. இரு முனைகளிலும் ஒன்றரை அங்குலம். கணக்கு ஆறடிக்குச் சரியாக வரும். மரம் ஒன்றேகால் கன அடிக்கு உட்பட்டது. வேம்பு, தேக்கு போன்று கன மீட்டருக்கு 700 கிலோ அளவில் எடையுள்ள மரம் நன்கு உலர்ந்திருந்தால் படல் 22 கிலோ நிற்கும். பச்சை மரத்தில் செய்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். எடையும் ஏறும், உலரும்போது பலகை அகலத்தில் சுருங்கி ஆணியைச் சுற்றி வெடிக்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை என்பதால், படலின் ஆறடி ஆறடியாகவே இருக்கும்.

தச்சர்கள் வழக்கமாகப் படலில் ஒரு மூலைச்சட்டம் அடிப்பார்கள். கதவுக்கு அது இன்றியமையாதது. கீழ்க்கீலிலிருந்து மேற்புறத் தாழ்ப்பாளை நோக்கி ஏறும் சட்டம் இல்லாவிட்டால் கதவு தொங்கிவிடும். ஆனால் இரு முனைகளிலும் தூணில் பூட்டப்படும் படலுக்கு அது வேண்டியதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரே நாரில் அமையாதபடி சாய்வாக இரண்டு ஆணிகள் அடித்தால் வண்டியில் வரும்வரை படல் கோணாது. மூலைச்சட்டத்தை நான் விலக்கியதற்கு எடை மட்டும் காரணமன்று. அடுக்குவதில் அது குறுக்கே நிற்கும்.

அடுக்கும் முறையை விவரமாகவே சொல்கிறேன், ஏனெனில் கூலி மிச்சப்படுவது இங்கேதான். படலின் ஒரு முகத்தில் பலகைகள். மறு முகத்தில் சட்டங்கள் புடைத்து நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே அடுக்கினால் படலுக்கு இரண்டேகால் அங்குலம். இருபது படலுக்கு 45 அங்குல உயரம். இதைத் தவிர்க்க, கீழ்ச்சட்டத்தின் நடுக்கோட்டை அடியிலிருந்து 6 அங்குலத்திலும், மேற்சட்டத்தின் நடுக்கோட்டை உச்சியிலிருந்து 10 அங்குலத்திலும் வைத்தேன். இரண்டாவது படலைத் தலைகீழாகத் திருப்பி, முதுகோடு முதுகு சேர்த்து முதற்படலின்மேல் கவிழ்த்தால், ஒன்றின் சட்டம் மற்றொன்றின் சட்டத்தோடு மோதாமல் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. இடையே ஓரங்குலம் மிச்சமும் இருக்கிறது. இரண்டு படலுக்கும் சேர்த்து மூன்றே அங்குலம்! இருபது படல் 30 அங்குலத்தில் அடங்கிவிடும். எடை அரை டன்னுக்குள். ஒரே நடையில், கயிறு போட்டு இறுக்கினால், நகராமல் வந்து சேரும். மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் ஒரே அளவில் இருந்தால்தான் பார்வைக்கு அழகு என்று சொன்னவர்கள் உண்டு. கொடி படர்ந்த பின் அதை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?

தூணுக்குக் கருங்கல்லே சிறந்தது. மரக்கால் மண்மட்டத்தில் உளுத்துப் போகிறது. கல்லுக்கு அந்தப் பயமில்லை. ஆனால் நாலரை அங்குலச் சதுரமும் ஏழடி நீளமும் உள்ள கல் ஒன்று 75 கிலோ இருக்கும். இருபது படலை ஒரே வரிசையில் நிறுத்த இருபத்தொரு தூண் வேண்டும். அது ஒன்றரை டன். குட்டியானையின் சுமைக்கு இது இருமடங்கு. ஆகவே கல்லை மட்டும் டிராக்டர் பெட்டியில் தனியாக வரவழைத்துவிடுவது நலம். கம்பி கோக்கத் துளையிட்ட கற்களே நம் பக்கம் கிடைக்கின்றன. சட்டங்களின் உயரத்துக்குப் பொருந்துமாறு 32 அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் போடச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு துளையிலும் ஒரு போல்ட் செலுத்தி, தூணின் உட்புறத்தில் 15 அங்குல இரும்புப் பட்டையைக் கிடையாகப் பூட்டலாம். பட்டையின் இரு காதுகளும் தூணுக்கு இருபுறமும் ஐந்து அங்குலம் நீட்டி நிற்கும். படலைத் தூண்களுக்கு நடுவே நிறுத்தினால் சட்டத்தின் முதுகு பட்டையில் சாயும். முனையிலிருந்து மூன்றாவது அங்குலத்தில், பலகை, சட்டம், பட்டை மூன்றையும் ஊடுருவி ஒரு போல்ட்.

கல்தச்சரின் துளை அரை அங்குலம் ஏறும், இறங்கும். தூண் சிறிது சாயும். மனிதக் கையால் நடுகிற எதுவும் அப்படித்தான். ஆகவே பட்டையின் காதில் வட்டத் துளை போடாமல், ஒன்றரை அங்குல நீளத்துக்குக் கிடையான வாய் வெட்டச் சொன்னேன். சட்டத்தின் துளையை, முக்கால் விரற்கடையுள்ள போல்டுக்கு வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, அகன்ற வாஷர் வைத்தேன். பிழை பக்கவாட்டில் நேர்ந்தால் பட்டை விட்டுக்கொடுக்கும். மேலும் கீழும் நேர்ந்தால் சட்டம் விட்டுக்கொடுக்கும். இருபது படலுக்குப் படல் போல்ட் எண்பது, தூண் போல்ட் நாற்பத்திரண்டு. எல்லாம் ஒரே தடிப்பு. ஆகையால் இரண்டு ஸ்பானர் போதும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக.

கயிற்றை இம்முறை வீட்டிலேயே விட்டுவிட்டேன். 6 அடி 1 அங்குலத்துக்கு வெட்டிய ஒரு சவுக்குக் குச்சியே அளவுகோல். எல்லாத் தூணையும் முன்கூட்டி நடாமல், ஒரு தூணை நட்டு, குச்சியை வைத்து அடுத்த தூணைக் குழியில் நிறுத்தி, படலை மாட்டிப் பார்த்து, அதன் பின்னரே மண்ணை இடித்தோம். ஒரு பிழை அடுத்த பிழையோடு கூடிப் பெருகுவதற்கு இம்முறையில் வழியில்லை. இரண்டு பேராக இரண்டு பகலில் இருபது படலும் நின்றுவிட்டன.

மரத்துக்கு மருந்து பூசுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்பார் 1933-இல் கண்டுபிடித்த ஆஸ்கூ என்னும் கலவை உலகெங்கும் புகழ் பெற்றது. தாமிரமும் குரோமியமும் பாஷாணமும் சேர்ந்த அது கரையானை நன்றாகத் தடுக்கும். எனினும் அதில் பாஷாணம் இருப்பதால், அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் பயன்படுத்துவதை 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். கீரையும் தக்காளியும் விளையும் தோட்டத்தில் அது வேண்டாம் என்பேன். நமது படல் மண்ணைத் தொடுவதே இல்லை. தரைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குலம் விட்டுப் பூட்டுகிறோம். பலகையின் மேல்முனையைச் சாய்வாக அறுத்து மழைநீர் வடியவிட்டு, அறுத்த முனைகளில் மட்டும் எண்ணெய் வார்னிஷை இருமுறை தடவினால் போதும். கரையான் கல்தூண் வழியாக ஏறினால் மண்கோடு கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நூலின் இடைவெளியை அச்சு காப்பது போலப் பலகையின் இடைவெளியைக் காக்க ஓர் அச்சுப் பலகை வேண்டும். ஏழடிக்கு ஐந்தடி மேடையில் சட்டம் கிடக்கும் இடத்துக்கும், பலகை கிடக்கும் இடத்துக்கும், போல்ட் துளைக்கும் கட்டைகள் அடித்து வைத்தால், எந்தத் தச்சர் செய்தாலும் எந்தப் படலும் எந்தத் தூணிலும் பொருந்தும். ஒவ்வொருவரும் தனித்தனியே இதைச் செய்துகொள்வது வீண் செலவு. சங்கக் கிடங்கில் ஒன்று இருந்தால், ஓர் அங்கத்தினரின் படல் ஒடிந்த நாளில் பக்கத்துத் தோட்டத்தாரின் மிச்சப் படலைக் கேட்டு வாங்கி அன்று மாலைக்குள் மாட்டிவிடலாம். எங்கள் ஊரில் அச்சுப் பலகை இல்லாமையால், என் படலுக்கும் எதிர்த்தோட்டத்துப் படலுக்கும் கால் அங்குல வித்தியாசம் இருக்கிறது; இரவலுக்கு ஆகவில்லை.

சரிவான நிலத்தில் இந்த வேலியைச் சரிவோடு சாய்க்க முடியாது. துளையின் இடம் அவ்வளவு கொடுப்பதில்லை. படிப்படியாக இறக்கிப் பூட்டி, படலின் அடியில் விழும் முக்கோண இடைவெளியைக் கல் அடுக்கி அடைக்க வேண்டும். என் தோட்டத்தின் மேற்கு மூலையில் அப்படித்தான் செய்திருக்கிறேன். பழைய எட்டடிப் படல்களில் பிளவாதவை எட்டு மிஞ்சின. அவற்றில் ஆறு இப்போது கோழிக் கூண்டின் சுவராக நிற்கின்றன. மற்ற இரண்டையும் அறுத்துத்தான் கதவு செய்தோம்.