குழந்தையின் நலன் என்று எழுதப்படுவது



கீரனூர் மேடையில் நிலம், கூலி, வன்கொடுமை பற்றிப் பேசுவதுதான் நம் வழக்கம். இன்று குடும்ப வழக்கு பற்றிப் பேசுகிறேன். சாதி மறுப்புத் திருமணத்துக்கு நாம்தான் முன்னின்று மாலை எடுத்துக் கொடுக்கிறோம். சில ஆண்டுகளில் அது முறிந்து, குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு வரும்போது, அந்தப் பெண்ணோடு கோர்ட் வாசல் வரை போக நம்மில் ஆள் இருப்பதில்லை.

இந்து இளவர் சட்டம் 1956, அதன் 13ஆம் பிரிவில், குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. எது நலன் என்று அது விளக்கவில்லை. அதற்கு முந்தைய 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் வயது, பாலினம், மதம், பொறுப்பேற்பவரின் குணம், தகுதி என்று சிலவற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மிச்ச இடத்தை நீதிபதி நிரப்ப வேண்டும். எதைக் கொண்டு நிரப்புவார்? தான் வளர்ந்த தெரு, தான் படித்த பள்ளி, தனக்குத் தெரிந்த நல்ல குடும்பம் ஆகியவற்றைக் கொண்டு.

சாதிச் சார்பு வெளிப்படையாக எழுத்தில் வருவது அபூர்வம். 2022இல் கோழிக்கோடு செஷன்ஸ் நீதிபதி ஒருவர், பட்டியலினப் பெண் என்று தெரிந்தும் குற்றம் சாட்டப்பட்டவர் அவரைத் தொட்டிருப்பார் என்பதை நம்ப முடியவில்லை என்று முன்ஜாமீன் உத்தரவிலேயே எழுதினார். அப்படி எழுதினால் நமக்கு வேலை சுலபம். கஸ்டடி வழக்கில் அது கேள்விகளாக வரும். சொந்த வீடா? குழந்தைக்குத் தனி அறை உண்டா? எந்த மீடியம்? பாட்டி வீடு எந்தப் பகுதியில்? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்தது. குறுக்கு விசாரணையிலிருந்து அதை யார் நீக்குவது? தீர்ப்பில் சாதி பற்றி ஒரு வரி இருக்காது. 'சூழல்' என்று ஒரு வார்த்தை இருக்கும்.

வசதிதான் நலன் என்ற கணக்கை உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. தன்வந்தி ஜோஷி வழக்கில் குடும்ப நீதிமன்றம் மகனைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1997 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்து பையனைத் தாயிடமே விட்டது. பணம் கூடுதலாக உள்ளவர் பக்கம் தராசு சாயக் கூடாது என்பது அதன் சாரம். நம் வக்கீல்கள் கையில் இருக்க வேண்டிய தீர்ப்பு.

ஆனால் அப்பீலில் 'நீதிபதி சாதி பார்த்தார்' என்று சொன்னால் மட்டும் எடுபடாது. பதிவில் இருப்பதைத்தான் மேல் நீதிமன்றம் பார்க்கும். இங்கேதான் சிக்கல். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, 15ஆம் பிரிவின்படி சாட்சியத்தை முழுமையாக எழுத வேண்டியதில்லை, சாரத்தைக் குறித்தால் போதும். 'உங்க ஊர்ல எல்லாரும் குடிப்பாங்களாமே' என்ற கேள்வி சாரத்தில் காணாமல் போய்விடும். 13ஆம் பிரிவின்படி வக்கீல் வைத்துக்கொள்வதும் உரிமை அல்ல, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே அப்படி ஒரு கேள்வி வந்தால் அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்ய வேண்டும். ஆசிரியரின் கடிதம், தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தோடு சேர்க்க வேண்டும்.

நீதிபதி மேலேயே ஐயம் என்றால்? 1957இல் மாணக் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது: சார்பு உண்மையில் இருந்ததா என்று நிரூபிக்கத் தேவையில்லை, வழக்காடுபவருக்கு நியாயமான அச்சம் ஏற்பட இடம் இருந்ததா என்று பார்த்தால் போதும். அந்த வழக்கில் மாணக் லாலின் அச்சம் நியாயமானது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அவர் தோற்றார். தெரிந்தும் தொடக்கத்தில் வாய் திறக்காமல், முடிவு பாதகமான பிறகு கிளப்பினார் என்பதே காரணம். எனவே வழக்கு நடக்கும்போதே, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவில் வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்க வேண்டும். பாதகமான உத்தரவு ஒன்று வந்தது என்பதை மட்டும் சார்புக்குச் சான்றாகக் காட்டினால் நம் மீதே நம்பிக்கை போகும். இதை நாம் நமக்குள்ளே கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

இன்னொரு எதிரி காலம். இடைக்கால உத்தரவில் குழந்தை யார் கைக்குப் போகிறதோ, அங்கேயே பள்ளி மாறும், நண்பர்கள் சேர்வார்கள். இரண்டு ஆண்டு கழித்து 'பழகிய இடத்திலிருந்து பிரிக்க வேண்டாம்' என்று அதுவே வாதமாகும். இடைக்கால உத்தரவுகளுக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் அப்பீல் கிடையாது. அரசமைப்பின் 227ஆம் கூறில் மதுரைக் கிளைக்கு மனுவாகப் போக வேண்டும். இறுதி உத்தரவுக்கு 19ஆம் பிரிவில் அப்பீல் உண்டு. இரு நீதிபதிகள் கேட்பார்கள். கெடு 30 நாள்.

சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒன்று சொல்ல, அமர்வு அதை மாற்ற, 1973இல் உச்ச நீதிமன்றம் அமர்வின் முடிவை ரத்து செய்து தாய்க்குச் சாதகமாகத் தீர்த்தது. கஸ்டடி உத்தரவு எதுவும் என்றைக்குமான முடிவல்ல, நிலைமை மாறினால் மாற்றிக் கேட்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. தோற்ற தாய்மார்கள் பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

நமக்கு மட்டும் இதில் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. 2012இல் குஜராத்தின் ரமேஷ்பாய் நாய்கா வழக்கில், தந்தை முன்னேறிய சாதி என்றாலும், பட்டியலின அல்லது பழங்குடித் தாயால் வளர்க்கப்பட்டு அதே இழிவுகளைச் சந்தித்ததாகக் காட்டினால் பிள்ளை தாயின் சாதியைக் கோரலாம் என்றது உச்ச நீதிமன்றம். யார் வளர்க்கிறார் என்பது பிள்ளையின் சாதிச் சான்றிதழையும் தொடுகிறது. கஸ்டடி மனு எழுதும்போதே இதை நினைவில் வைக்க வேண்டும்.

பணம் இல்லை என்று அப்பீலை விடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, 12ஆம் பிரிவின்படி பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தீர்ப்பு வாசித்த அன்றே நகல் மனு போடுங்கள். நகல் வரும் வரை ஆகும் நாட்கள் அந்த 30இல் சேராது. மனு போடாமல் வீட்டில் அழுதுகொண்டிருக்கும் நாட்கள் சேரும்.