காட்டு வழியிற் கோப்பி

“தண்ணீரைத் தொடமாட்டேன், கோப்பி மட்டும் குடிப்பேன்.” ஆபிரிக்கக் காடுகளில் விலங்கு காணப் புறப்படுவோர் பலர் இப்படியொரு விரதம் பூண்டு செல்கின்றனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று அத்தகைய பயணிகள் உளர். கென்யாவிலோ தன்சானியாவிலோ சிங்கத்தையும் யானையையும் கண்டு மீள்வது அவர்கள் எண்ணம். அவர்கள் கூறும் நியாயம் எளியது. தண்ணீர் பச்சை, கோப்பி கொதித்தது, கொதித்ததில் நோய் இல்லை. இந்த நியாயம் பாதி சரி. மற்றைப் பாதியே வயிற்றைக் கெடுப்பது.

இப்பயணத்துக்குச் ‘சபாரி’ என்று பெயர். சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு உடையார்க்கு இங்கே ஒரு சிறு வேடிக்கை உண்டு. நம்மூர்ச் ‘சவாரி’யும் இந்தச் ‘சபாரி’யும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். உண்மையில் உறவே இல்லை. சவாரி பாரசீகம், குதிரையேறுவோனைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. சபாரி, பயணம் என்னும் பொருளுடைய அறபுச் சொல் சுவாகிலி மொழிக்குட் புகுந்து நின்ற வடிவம். கோப்பியும் அறபு வழியே உலகெங்கும் பரந்த சொல்தான். தமிழகத்தார் ‘காப்பி’ என்ப. நாம் ‘கோப்பி’ என்கிறோம். நமது வடிவம் ஒல்லாந்தர் வாய்ச்சொல்லை ஒட்டியது எனக் கொள்ளுதல் பொருத்தமே. சொல் எவ்வழி வந்ததாயினும் செடி எதியோப்பியாவுக்கு உரியது. ஆகவே ஆபிரிக்காவிற் கோப்பி குடிப்பவன் கோப்பியின் பிறந்தகத்திலே விருந்துண்கிறான்.

இனி அந்தப் பாதி உண்மையைப் பார்ப்போம். வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி, வயிற்றுளைவு ஆகியவற்றை விளைக்கும் கிருமிகள் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைத் தாங்கமாட்டா. நீர் குமிழியெழக் கொதித்து ஒரு நிமிடம் நின்றாற் போதும். மலை ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். கடற்கரையில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். தன்சானியாவில் ஙொரொங்கோரோப் பெருங்குழியின் விளிம்பு 2,300 மீற்றர் அளவு உயர்ந்தது. அங்கே அது இன்னும் இரண்டு பாகை தாழும். அந்த வெப்பமும் கிருமியைக் கொல்லும். ஆயினும் 2,000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்க விடுக என்பது மருத்துவர் கூறும் அளவு.

இங்கே ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். கொன்றது நெருப்பு, கோப்பி அன்று. கோப்பிக் கொட்டைக்குக் கிருமியை அடக்கும் பேராற்றல் ஒன்றும் இல்லை. போத்தலில் அடைத்து வரும் கோப்பித்தூளை வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரிற் கலக்கிக் கொடுத்தாலும் நிறம் கறுப்புத்தான், மணமும் அதேதான். கண்ணும் மூக்கும் கோப்பி என்று சான்று பகரும். வயிறு மறுநாள் வேறு சான்று பகரும். அன்றியும் நெருப்பினாலும் ஆகாதன சில உள. கிழக்காபிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் நீரிற் பல இடங்களிற் புளோரைட்டு மிகுதி. நம் நாட்டு வடமத்திய மாகாணக் கிணறுகள் பலவற்றிலும் அஃது உண்டு. எத்தனை நாழிகை கொதித்தாலும் அது போகாது. உவரும் அப்படியே.

இனிக் கோப்பி கொதித்த பின்பு நடப்பவற்றைக் காண்போம். மொம்பாசா, சன்சிபார் முதலிய கரையோர நகரங்களிற் கோப்பி விற்போர் பித்தளைக் கேத்திலின் அடியிற் கரிநெருப்பு வைத்துக்கொண்டு தெருவில் வருவர். அதைவிடச் சூடான கோப்பி எங்கும் கிடையாது. ஆனால் அதை வார்க்கும் சிறு கிண்ணங்கள் ஒரு வாளித் தண்ணீரில் அலசப்படுவன. நமக்கு முன் குடித்தவருக்கும் அவருக்கு முன் குடித்தவருக்கும் அதே வாளிதான். கொதித்த கோப்பி, கொதியாத நீரால் ஈரமான கிண்ணத்தில் விழுகிறது. கிண்ணத்தின் விளிம்போ உதட்டைத் தொடுகிறது. எதியோப்பியரின் வழக்கம் வேறு. விருந்தினர் கண்முன்னே பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, மண்சாடியிற் காய்ச்சி மூன்று சுற்று வார்ப்பர். இதிற் பார்ப்பதற்கு அழகும் உண்டு. குடிப்பவனுக்குப் பாதுகாப்பும் உண்டு. எது கொதித்தது, எவ்வளவு கொதித்தது என்பதை அவன் தானே கண்டுவிடுகிறான்.

பால் மற்றோர் இடர். மாடு மேய்ப்போர் ஊர்களில் அன்பினாற் கறந்த பாலைக் காய்ச்சாமலே வார்ப்பதுண்டு. காசநோய் உட்படப் பல நோய்கள் பச்சைப்பாலின் வழியே வருவன. வெறுங்கோப்பி நன்று. பால் வேண்டுமாயிற் பொங்கக் காய்ச்சிய பாலோ கொதிநீரிற் கரைத்த பால்மாவோ கொள்க. பனிக்கட்டி இட்ட குளிர்கோப்பி குடிப்பவன் மேற்சொன்ன விரதத்தையே கைவிட்டவன் ஆவான். பனிக்கட்டி உறைந்த பச்சைத்தண்ணீரேயன்றி வேறன்று. சுடுதண்ணீர்ப் போத்தலையும் நம்பிவிடல் ஆகாது. அதன் மூடியையே கிண்ணமாக்கிக் குடித்து, வழியிற் கண்ட நீரில் அலசி, மீண்டும் மூடுகிறோம். விடுதியிற் கொதித்த நீரின் தூய்மை அத்தோடு முடிந்தது.

நம் முன்னோர் மூக்குப்பேணி என ஒன்று வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு ஏற்ப மூக்கு வைத்த பேணி அது. அதனோடு தீண்டாமை என்னும் இழிவும் கலந்து கிடந்தது, அதை மறைத்தற்கில்லை. ஆயினும் ஒரு பாத்திரத்திற் பலர் குடித்தல் வேண்டிவரும் வழிப்பயணத்துக்கு அந்த மூக்கு ஓர் அறிவான அமைப்பு. கொதிநீரில் ஒருமுறை கழுவிய சொந்தப் பேணி ஒன்றைப் பையில் வைத்துச் செல்வோன் பாதி நோயைத் தவிர்த்தான்.

மாலைக் கோப்பியைப் பற்றியும் ஒரு சொல். காட்டிற் கூடாரமடித்துத் தங்குவோர் இரவில் வெளியே வருதல் கூடாது என்பது சபாரியின் முதல் விதி. கோப்பியோ உறக்கத்தைக் கெடுப்பது, சிறுநீரைப் பெருக்குவது. நள்ளிரவில் வெளியே வந்தவனுக்கு எதிரே யானை நிற்குமாயின் அதற்குக் கொதிநீர் மருந்தாகாது.

இவ்வளவும் ஆபிரிக்காவுக்கே உரியன என்று கருதற்க. நமக்கென்று ஒரு சபாரி உண்டு. கதிர்காமப் பாதயாத்திரையைச் சொல்கிறேன். வடக்கே சந்நிதியிலிருந்தும் கிழக்கூர்களிலிருந்தும் புறப்படும் அடியார்கள் கரை வழியே நடந்து உகந்தையை அடைவர். அதன்பின் காடு. முன்னாளில் ‘யால கிழக்கு’ எனப்பட்ட குமண வனத்தினூடு சென்று, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யால வனத்தின் வழியே மாணிக்க கங்கையை நோக்கி நடத்தல் வேண்டும். யானை, கரடி, சிறுத்தை, காட்டெருமை எல்லாம் உலவும் காடு அது. ஆயின் யானையினும் அஞ்சத்தக்கது தண்ணீர். ஆடி மாதம் அப்பகுதியிற் கடுங்கோடை. குளங்கள் வற்றிச் சேறாகும். எருமை புரண்ட நீரே மனிதர்க்கும் நீர். ஆற்றுமணலைத் தோண்டி ஊற்றெடுப்பர். இக்காலத்தில் வழியிற் சில இடங்களில் தண்ணீர்த் தாங்கிகள் வைக்கப்படுகின்றன. அவற்றை நாடி நிற்கும் வரிசையும் பெரிது.

இவ்வழி சென்ற பழைய அடியார்கள் கோப்பித்தூளோடு மல்லியும் வேர்க்கொம்பும் இடித்துச் சேர்த்து முடிந்து கொண்டுபோவர். தங்குமிடத்தில் மூன்று கல்லை வைத்துத் தீமூட்டி, கலங்கல் நீரை வேட்டித் துணியில் வடித்துக் கொதிக்க வைப்பர். மருந்து என்று எண்ணி இட்டது மல்லி. மருந்தாய் நின்றது கொதி. துணியில் வடித்ததும் வீண்வேலை அன்று. வங்காளதேசத்திற் பழைய சேலைத்துணியைப் பலமடிப்பாக்கி நீரை வடித்துக் குடித்த ஊர்களில் வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது என 2003 இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. துணியில் வடித்தது மட்டும் போதாது. வடித்துக் கொதிக்க வைத்தலே முறை.

அக்காலத்தில் வாந்திபேதி வெறும் பெயரன்று. கதிர்காமத் திருவிழாவென்றால் அதிகாரிகள் நெஞ்சில் அச்சமே முன்நிற்கும். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப் என்பார், யாத்திரிகரை மேற்பார்வை செய்வதற்கென்றே அங்குச் சென்று தங்கவேண்டியிருந்தது. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வரும் ஆடிவேல் இரதத்தை நாம் அறிவோம். கொள்ளைநோயாற் கதிர்காமப் பயணம் தடைப்பட்டமையே அவ்விழாவுக்குத் தோற்றுவாய் என்பது செவிவழி வழக்கு. நோய்க்கஞ்சி வழிமாறிய வேல் அது.

கதிர்காமத்துக்கு நடந்தோர் பக்தியால் நடந்தனர். மற்றொரு காட்டுவழியில் வயிற்றுக்காக நடந்தோரும் உளர். இங்கே கோப்பி மீண்டும் வருகிறது. 1820களில் கண்டிப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. சில பத்தாண்டுகளில் மலைநாட்டிற் கோப்பி பெரிதும் பரந்தது. அறுவடைக்கு ஆள் வேண்டும். மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். மதவாச்சி, தம்புள்ள என்று காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். குழந்தையை இடுப்பிற் சுமந்து பெண்டிரும் நடந்தனர். வழியிற் கண்ட குளத்து நீரை அள்ளிக் குடித்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் பாதையோரத்தே வீழ்ந்தோர் தொகை பெரிது. எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடுவர். பலர் என்பதில் வேறுபடார்.

நீரே நோயைச் சுமக்கிறது என்று 1854 இல் ஜோன் சினோ என்னும் மருத்துவர் இலண்டனிற் காட்டினார். அச்செய்தி மன்னார்க் காட்டுக்கு எட்டவில்லை. 1869 இல் மடுல்சீமையில் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கிற்று. 1884 இல் றொபேட் கொக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை உறுதிப்படுத்தியபோது இங்கே தோட்டங்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. காடெங்கும் விறகு கிடந்தது. ஒரு பானையும் ஒரு நாழிகை ஓய்வும் இருந்திருப்பின் குளத்துநீரைக் கொதிக்க வைத்திருக்கலாம். அவர்களை நடத்திச் சென்றோர் ஓய்வு கொடுப்பாரல்லர். கொதிக்கவைத்தல் வேண்டும் என்று சொல்வாரும் அன்று இலர். மாத்தளையைக் கண்டவர்கள் மலையேறினார்கள். அங்கே அவர்களுக்குக் காத்திருந்த வேலை கோப்பிப் பழம் பறித்தல்.