உயிருள்ள சுண்ணாம்பைத் தோண்டலாமா?

பிரான்சின் பிரிட்டனி கரையிலும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் கடலடியில் இளஞ்சிவப்புச் சரளைபோலப் பரவிக் கிடப்பது கல் அல்ல, உயிருள்ள கடற்பாசி. மேர்ல் எனப்படும் இந்தச் சிவப்புப் பாசி செல் சுவர்களில் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டு, எதிலும் ஒட்டாமல், கிளைத்த சிறு துண்டுகளாகக் கிடக்கிறது. வெளிச்சம் எட்டும் ஆழமும், வண்டல் படியவிடாத நீரோட்டமும் இதற்குத் தேவை. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இது வளரும். அடியில் இறந்த மேர்லும் மேலே உயிருள்ள மேர்லுமாக ஒரு படுகை உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. உயிருள்ளது என்பதற்காக இதை அறுத்தால் மீண்டும் விளையும் பயிராக எண்ணக் கூடாது. எடுத்தால் தீர்ந்துபோகும் கனிமமாகவே கருத வேண்டும்.

தீர்ந்துபோவது சுண்ணாம்பு மட்டுமன்று. மணலிலும் சேற்றிலும் வேர்போன்ற பற்றுறுப்பை ஊன்ற முடியாத கடற்பாசிகளுக்கு இந்தத் துண்டுகளே பிடிமானம். வடகிழக்கு அட்லாண்டிக்கின் மேர்ல் படுகைகளில் 349 வகைக் கடற்பாசிகள் பதிவாகியுள்ளன. அப்பகுதியின் மொத்தக் கடற்பாசி வகைகளில் இது சுமார் 30 சதவீதம். ஜெலிடியெல்லா கால்சிகோலா போன்ற சில, பெரும்பாலும் மேர்லின் மீதே காணப்படுபவை. கோடையில் தழைக்கும் பாசிகள் பல, குளிர்காலத்தில் துண்டுகளின்மேல் மெல்லிய படலமாகவோ இழையாகவோ ஒடுங்கி அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கின்றன. கிளைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் ஸ்கேலப் சிப்பிக் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன.

பிரிட்டனியின் அமில மண்ணில் இட மேர்லின் சுண்ணாம்பு வேண்டுமே என்று உழவர் தரப்பு கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நிலத்துச் சுண்ணாம்புக்கல்லே மண்ணின் அமிலத்தைத் தணித்துவிடும். இறந்த மேர்லை மட்டும் எடுத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. இறந்த மேர்லும் பாசிகளுக்குப் பிடிமானம்தான். அதைத் தோண்டும்போது கிளம்பும் வண்டல் அக்கம்பக்கத்தில் உயிரோடிருக்கும் மேர்லை மூடி வெளிச்சத்தை மறைக்கிறது. இங்கிலாந்தின் ஃபால் கழிமுகத்தில் 2005-இல் மேர்ல் எடுப்பதை நிறுத்தியது சரியான முடிவு. இந்தப் பாசியின் இரு முக்கிய இனங்களை 1992-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிடச் சட்டம், அளவோடு எடுக்கலாம் என்ற பட்டியலில் வைத்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்வதற்கு அந்த ‘அளவு’ ஏறத்தாழ சுழியம்தான்.

இந்தப் படுகைகளில் சிப்பி பிடிப்பவர்களின் பிழைப்பு என்னாவது என்பதே கடினமான கேள்வி. ஸ்காட்லாந்தின் கிளைடு கடற்பகுதியில் நடந்த ஆய்வில், சிப்பி வாரும் இரும்புச் சட்டம் சென்ற தடத்தில் உயிருள்ள மேர்ல் 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் மீட்சியின் அறிகுறியே தெரியவில்லை. இன்றைய பிடிக்காகச் சிதைக்கப்படுவது நாளைய சிப்பிகள் வளரும் இடம். ஆகவே படுகைகளின்மீது இரும்புச் சட்டத்தை இழுப்பதைத் தடைசெய்துவிட்டு, மூழ்கிக் கையால் சிப்பி பொறுக்கும் முறைக்கு இடமளிப்பதே மீனவருக்கும் நல்லது. மேர்ல் படுகையைச் சிதைத்துவிட்டு ஈடுசெய்ய எந்தத் திட்டத்துக்கும் காலம் போதாது. காப்பதென்றால் சிதையும் முன்பே காக்க வேண்டும்.