மறதிநோய் கூடுகிறதா, குறைகிறதா?

அண்மைக் காலமாக நாளிதழ்களில் மறதிநோய் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. மக்கள் மூப்படைகிறார்கள், நோயாளிகள் பெருகுகிறார்கள் என்பதே அவற்றின் சாரம். புள்ளியியல் பயிலும் மாணவி என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நோயாளிகள் பெருகுவதும் நோய் பெருகுவதும் ஒன்றா?

ஒன்றல்ல. நம் அண்டை நாடான சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள மனநலக் கழகம் 2013-இல் நடத்திய ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 10 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருந்தது. 2023-இல் மீண்டும் ஆராய்ந்தபோது அது 8.8 விழுக்காடாக இறங்கியிருந்தது. ஆனால், நோயாளிகளின் எண்ணிக்கையோ ஏறக்குறைய 52,000-இலிருந்து 74,000-ஆக ஏறிவிட்டது. காரணம் எளிது. முதியோர் தொகை அவ்வளவு வேகமாக வளர்ந்திருக்கிறது. நூறு முதியவரில் பத்துப் பேர், பிறகு இருநூறு முதியவரில் பதினேழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் குறைந்துதான் இருக்கிறது; பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுவோர் மட்டும் ஏழு பேர் கூடிவிட்டனர்.

விகிதம் குறையும் என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது இங்கிலாந்து. கேம்பிரிட்ஜ்ஷயர், நியூகாசல், நாட்டிங்ஹாம் ஆகிய மூன்று வட்டாரங்களில் 1989 முதல் 1994 வரை ஒரு முறையும், 2008 முதல் 2011 வரை மறுமுறையும் 65 வயதைத் தாண்டியோரை ஆராய்ந்தார்கள். முறையும் இடமும் மாறவில்லை, தலைமுறைதான் மாறியது. பழைய விகிதமே நீடித்திருந்தால் 2011-இல் பிரிட்டன் முழுவதும் 8 லட்சத்து 84 ஆயிரம் பேருக்கு இந்நோய் இருந்திருக்க வேண்டும். கணக்கில் வந்ததோ 6 லட்சத்து 70 ஆயிரம். விழுக்காட்டில் சொன்னால் 8.3-க்குப் பதிலாக 6.5.

மருந்தால் வந்த குறைவு அல்ல இது. இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றும் கிடையாது. புகைபிடிப்பது குறைந்தது, இரத்த அழுத்தத்திற்கு முறையான சிகிச்சை கிடைத்தது, பள்ளியில் கழித்த ஆண்டுகள் கூடின என்பவற்றையே ஆய்வாளர்கள் காரணங்களாகக் கருதுகின்றனர். இவற்றுள் கல்விதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. இளமையில் படிப்பது, ஊழியர் சேமநிதியில் மாதாமாதம் பணம் சேர்வதைப் போன்றது. முதுமையில் மூளை தேயத் தொடங்கினாலும், சேர்த்து வைத்ததிலிருந்து எடுத்துச் சில காலம் சமாளிக்கிறது. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகர ஆய்வு 2016-இல் வெளியிட்ட முடிவு இதை அழுத்தமாகச் சொல்கிறது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு என்ற அளவில் புதிய நோயாளிகள் குறைந்து வந்தார்கள். ஆனால், உயர்நிலைப் பள்ளியையாவது முடித்தவர்களிடம் மட்டுமே அந்தக் குறைவு காணப்பட்டது.

இந்த வரியைப் படித்தபோது எனக்குத் தோட்டப்புறம்தான் நினைவுக்கு வந்தது. என் பாட்டி பள்ளி வாசலை மிதித்ததில்லை. சிறு வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவர். அம்மா தமிழ்ப்பள்ளியோடு நின்றார். நான் தமிழ்ப்பள்ளியை முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். ஒரே குடும்பத்தில் மூன்று வகைச் சேமிப்பு!

படிக்காதவரைச் சோதிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் பாட்டி விழிப்பார். இன்று என்ன தேதி என்று கேட்டால், "அமாவாசைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு" என்பார். அது மறதியா என்ன? இதனால்தான் எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும் பொருந்தும் சோதனைகளை உருவாக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் பயன்படுத்தியது 10/66 என்ற ஆய்வுக் குழுவின் முறை. நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 விழுக்காடுகூட அங்கு நடப்பதில்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அக்குழுவின் ஆய்வுக் களங்கள்.

நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2018-இல் மேற்கொண்ட தேசிய ஆய்வின்படி, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக்கூடும். இங்கும் இது குறையும் என்று சும்மா இருந்துவிட முடியாது என்பது என் கருத்து. தவிர்க்கக்கூடிய காரணங்கள் பதினான்கு என 2024-இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, உயர் இரத்த அழுத்தம், செவித்திறன் இழப்பு, தனிமை ஆகியவற்றோடு நீரிழிவும் அதில் உண்டு. 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது 18.3 தான். படிப்பால் சேர்த்ததை இனிப்புநீர் கரைத்துவிடும் அபாயம் நம் சமூகத்திற்கு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே விட்டுவிடுவதால் பலருடைய நோய் எந்த மருத்துவரின் ஏட்டிலும் ஏறுவதில்லை. சிங்கப்பூரில் 2013-இல், நோயுற்றவர்களில் 70.6 விழுக்காட்டினர் அவ்வாறு கண்டறியப்படாமலே இருந்தனர். 2023-இல் அது 51.5 விழுக்காடு.