கிராமியச் சுற்றுலாவும் பருவகாலத் தன்மையும்: இங்கிலாந்தின் சிறு கூடார முகாம் - ஒரு விடய ஆய்வு

மாணவர்களே, சுற்றுலாத்துறை பற்றிய வினாக்களில் "பருவகாலத் தன்மையை விளக்குக" என்ற பகுதி அடிக்கடி இடம்பெறுகின்றது. பலர் வரைவிலக்கணத்தை எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். உதாரணம் ஒன்றை ஆழமாக அறிந்திருந்தால் அதே விடை முழுப் புள்ளிக்குரியதாகும். அதற்கு ஏற்றது, இங்கிலாந்தின் பண்ணைக் காணிகளில் கோடைகாலத்தில் மட்டும் இயங்கும் சிறு கூடார முகாம்.

1. பின்னணி

பொழுதுபோக்குக்காகக் கூடாரம் அடித்துத் தங்கும் வழக்கம் அந்நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்டது. துவிச்சக்கர வண்டியில் பயணம் செய்து கூடாரமடிப்போருக்கான சங்கம் 1901 இல் தோமஸ் ஹைரம் ஹோல்டிங் முயற்சியால் உருவானது.

இன்று விவசாயிகள் இத்தொழிலை நாடுவதற்கு முக்கிய காரணம் வருமானப் பன்முகப்படுத்தல் ஆகும். ஐக்கிய இராச்சியம் 2020 இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. அதன் பின், காணியின் பரப்பளவை அடிப்படையாகக் கொண்டு இங்கிலாந்து விவசாயிகளுக்குக் கிடைத்த நேரடிக் கொடுப்பனவுகள் 2021 தொடக்கம் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. எனவே பண்ணையின் ஒரு வயலாவது வேறு வழியில் வருமானம் தரவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

2. பருவகாலத் தன்மையின் இரு வகைகள்

(அ) இயற்கைப் பருவகாலத் தன்மை: இங்கிலாந்து ஏறத்தாழ 50 பாகை முதல் 56 பாகை வரையான வட அகலக்கோடுகளில் அமைந்துள்ளது. ஜூன், ஜூலை மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பகல் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். எனினும் அங்கு கோடை என்பது வறட்சிக் காலம் அன்று. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வரும் தாழமுக்கங்கள் ஓகஸ்ட் மாதத்திலும் மழையைக் கொண்டுவரும்.

(ஆ) நிறுவனப் பருவகாலத் தன்மை: பாடசாலைகளின் கோடை விடுமுறை ஜூலை பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை சுமார் ஆறு வாரங்கள். ஓகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பொது விடுமுறை. பிள்ளைகளுடன் வரும் குடும்பங்கள் வார நாட்களில் தங்கக்கூடிய காலம் பெரும்பாலும் இதுவே.

யூன் மாதத்தில் பகல் மிக நீளமாக இருந்தும் கேள்வி உச்சம் அடைவது ஓகஸ்டிலேயே என்பதை நோக்குக. இரண்டாவது காரணியின் வலிமை இதிலிருந்து தெளிவாகும்.

3. சட்ட எல்லைகள்

முன்னர், திட்டமிடல் அனுமதி பெறாமல் ஒரு காணியை ஆண்டுக்கு 28 நாட்கள் வரையே தற்காலிக முகாமாகப் பயன்படுத்த முடிந்தது. கொவிட் நோய்ப் பரவலின் பின் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் இது 56 நாட்களாக உயர்த்தப்பட்டது. 2023 ஜூலையில் புதிய ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டொன்றில் மொத்தம் 60 நாட்கள் வரை, 50 கூடார இடங்கள் வரை அமைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் உள்ளூர்த் திட்டமிடல் அதிகார சபைக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மலசலகூடமும் கழிவகற்றும் வசதியும் இருத்தல் கட்டாயம். இதைவிட, 1936 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், தொடர்ச்சியாக 42 நாட்களுக்கு மேல் முகாம் நடத்துவதாயின் தனியான அனுமதிப்பத்திரம் தேவை.

ஆகவே இங்கு அருமையான வளம் நிலம் அன்று, நாட்களே. ஆறு வார விடுமுறைக்கு 42 நாட்களை ஒதுக்கினால் மீதி 18 நாட்கள். அவற்றை ஜூன், செப்டெம்பர் மாதங்களின் மூன்று நாள் வார இறுதிகள் ஆறுக்குப் பகிரலாம்.

4. கணிப்பீடு

பின்வருவது கற்பனை எண்களைக் கொண்ட பயிற்சி.

கூடார இடங்கள் 20, நாட்கள் 60. எனவே உச்ச நிரம்பல் 20 × 60 = 1200 இட இரவுகள்.
ஓர் இரவுக் கட்டணம் 20 பவுண். மாறும் செலவு 5 பவுண். ஆகவே ஓர் இட இரவின் பங்களிப்பு 15 பவுண்.
காப்புறுதி, மலசலகூட வாடகை, நீர்க்குழாய், விளம்பரம் முதலிய நிலையான செலவு 9000 பவுண்.
இலாபமோ நட்டமோ இல்லாத புள்ளி: 9000 ÷ 15 = 600 இட இரவுகள், அதாவது உச்ச நிரம்பலின் 50 சதவீதம்.

இனி வெள்ளி, சனி இரவுகளை மட்டும் எடுத்துப் பார்ப்போம். விடுமுறைக் காலத்தில் 12, ஏனைய வார இறுதிகளில் 12, மொத்தம் 24 இரவுகள். எல்லா இடங்களும் நிரம்பினாலும் 24 × 20 = 480 மட்டுமே. இன்னும் 120 இட இரவுகள் குறைகின்றன. இரண்டு வார இறுதிகள் மழையால் முற்றாகப் பாதிக்கப்பட்டால் மேலும் 80 குறைந்து, பற்றாக்குறை 200 ஆகும்.

சனிக்கிழமை நிரம்பி வழியும் முகாமும் நட்டமடையக்கூடும் என்பதே இதிலிருந்து பெறும் முடிவு. ஆண்டின் தலைவிதியைத் தீர்மானிப்பவை விடுமுறைக் காலத்தின் வார நாட்கள். அதனாலேயே நடத்துவோர் வார நாட்களுக்குக் குறைந்த கட்டணம், முற்பணம், நீண்ட நாள் தங்குவோருக்குச் சலுகை போன்ற உத்திகளைக் கையாளுகின்றனர்.

5. அமையச் செலவு

முகாமிட்ட வயலில் அந்நாட்களில் புல் வெட்டவோ கால்நடை மேய்க்கவோ முடியாது. இழக்கப்படும் அந்த வருமானமே அமையச் செலவு. ஜூலை நடுப்பகுதிக்குள் வைக்கோற் புல்லை வெட்டி முடித்துவிட்டு, வெறுமையான வயலில் முகாமைத் திறப்பின் இச்செலவு குறையும். ஆனால் தானியப் பண்ணையில் ஓகஸ்ட் மாதமே அறுவடைக் காலம். அங்கு வீட்டாரின் உழைப்புக்கே போட்டி ஏற்படும்: அறுவடை இயந்திரம் வயலில் நிற்கும் அதே நேரத்தில் மலசலகூடம் கழுவவும் வருவோரை வரவேற்கவும் ஆள் வேண்டும்.

6. இடர்களும் முகாமைத்துவமும்

தீ: கூடாரங்களுக்கிடையில் 6 மீற்றர் இடைவெளி விடுவது பொது நடைமுறை. 2022 ஜூலை 19 இல் லிங்கன்ஷையரின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவாகியது. அந்நாட்டில் 40 பாகையைத் தாண்டியது அதுவே முதற் தடவை. இத்தகைய வெப்பத்தில் காய்ந்த புல்லில் ஒரு பொறியே போதும் என்பதால், திறந்த நெருப்பைத் தடைசெய்யும் துணிவு நடத்துபவருக்கு வேண்டும்.
நச்சு வாயு: குளிருக்காகவோ மழைக்காகவோ கரி அடுப்பைக் கூடாரத்தினுள் எடுத்தால், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு உறங்குவோரைக் கொல்லும். அடுப்பு அணைந்தது போலத் தோன்றினாலும் ஆபத்து நீங்காது. வருகையின் போதே இதை வாய்மொழியாகச் சொல்லுதல் அவசியம்.
மழை: வாகனங்கள் சேற்றில் புதையாதிருக்க, தரிப்பிடத்தை மேட்டு நிலத்தில் வாயிலுக்கு அண்மையில் அமைத்தல்.
அயலவர்: இரவு அமைதி நேரத்தை அறிவித்து நடைமுறைப்படுத்தல். முறைப்பாடுகள் பெருகினால் அயலவரின் ஆதரவை இழக்க நேரிடும்.

7. பரீட்சைக்கான குறிப்பு

"கோடை என்றால் வெப்பம், ஆகவே உல்லாசப் பயணிகள் வருவர்" என்று மட்டும் எழுதாதீர்கள். இயற்கைக் காரணியையும் நிறுவனக் காரணியையும் பிரித்துக் காட்டுங்கள். ஒப்பீடு கேட்கப்பட்டால் எமது அறுகம்பையைக் குறிப்பிடலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை வறண்டிருப்பதும் அலைகள் நீர்ச்சறுக்கலுக்கு உகந்தனவாய் இருப்பதும் அங்குள்ள பருவத்திற்குக் காரணம்.

மாதிரி வினா: மேலுள்ள பயிற்சியில் நிலையான செலவு 10 500 பவுணாக உயர்ந்தால்,
(i) இலாபமோ நட்டமோ இல்லாத புள்ளியைக் கணிக்குக.
(ii) மழை பாதிக்காத ஆண்டில், வெள்ளி, சனி இரவுகளுக்கு மேலதிகமாக எத்தனை இட இரவுகள் தேவை?
(iii) அவற்றைப் பெறுவதற்கான இரு உத்திகளை விளக்குக.

விடை: (i) 700 இட இரவுகள். (ii) 700 - 480 = 220. (iii) பகுதி 4 ஐ ஆதாரமாகக் கொண்டு, ஒவ்வொரு உத்தியும் யாரைக் கவரும் என்பதையும் சேர்த்து எழுதுக.